வலது பக்கக் குமிழ்

பழைய ஸ்டுடியோ ஸ்பீக்கர் ஒன்றைப் பழுது பார்க்கப் போன இடத்தில் இரண்டு சின்னக் கோடுகளைத் துடைத்துவிட்டேன். அழுக்கு என்று நினைத்துத்தான் துடைத்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. அது ஏன் உறுத்துகிறது என்று சொல்ல, டயாபிரம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பங்குனிப் பொங்கல், எல்லாவற்றுக்கும் எங்கள் செட்தான். வேப்ப மரத்து உச்சியில் கட்டுகிற குழாயின் பின்னால் உருண்டையாக ஒன்று திருகியிருக்கும். அதற்கு யூனிட் என்று பெயர். குழாய் வெறும் தகரம். சத்தம் பிறப்பது யூனிட்டுக்குள்ளே. திருவிழா முடிந்த மறுநாள் கடை வாசலில் நாலைந்து யூனிட்டாவது செத்துக் கிடக்கும். பாட்டு பத்தாது என்று இளவட்டங்கள் யாராவது ஆம்ப்ளிஃபையரைத் திருகியிருப்பார்கள். அதைக் கழற்றி, கருகின டயாபிரத்தை எடுத்துப் போட்டுப் புதுசு மாட்டுவது பன்னிரண்டு வயதில் என் வேலை. "வாயால ஊதாதடா, எச்சி படும்" என்பார் அப்பா. அந்த வேலையில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

யூனிட்டுக்குள் இருப்பது இவ்வளவுதான். ஒரு பெரிய காந்தம், அதில் வட்டமாக ஒரு நூலிழைச் சந்து. அந்தச் சந்துக்குள் முட்டாமல் தொங்குகிற ஒரு கம்பிச் சுருள், அதாவது காயில். காயிலோடு ஒட்டிய மெல்லிய குவிமாடம்தான் டயாபிரம். பாட்டு மின்சாரமாக வந்து காயிலை ஆட்டும், காயில் குவிமாடத்தை ஆட்டும். குவிமாடத்தின் பரப்பு பெரியது, அதன் முன்னால் காற்று வெளியேற விட்டிருக்கும் வழி சிறியது. பல யூனிட்டுகளில் சுமாராகப் பத்துக்கு ஒன்று. அடுப்பை வாயைத் திறந்து ஊதினால் சாம்பல்தான் பறக்கும், ஊதாங்குழலில் ஊதினால் விறகு பற்றும். அதே வித்தைதான். காற்றை இறுக்கிக் குழாய் வழியே விடுவதால்தான் இதற்கு கம்ப்ரஷன் டிரைவர் என்று பெயர். பெல் ஆய்வகத்தில் வென்ட், துராஸ் என்ற இருவர் 1926 வாக்கில் பேசும் படத்துக்காக உருவாக்கிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555-இலும் இதுதான் இருந்தது. எங்கள் வேப்ப மரத்திலும் இதுதான் இருந்தது.

சென்னைக்கு வந்து மேடைகளுக்கு சவுண்ட் போடும் கம்பெனிகளில் வேலை பார்த்தபோது தெரிந்தது, சினிமா ஸ்டுடியோக்களில் சுவரளவு நிற்கும் ராட்சச மானிட்டர்களுக்குள்ளும் அதே சாமான்தான் என்று. குழாய் தகரத்தில் இல்லை, நேர்த்தியாக வார்த்த ஹார்னில். டயாபிரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே கனமுள்ள அலுமினியத்தில் அல்லது டைட்டானியத்தில். வேலை ஒன்றுதான், விலைதான் வேறு. அப்பாவின் தொழிலைப் பக்க வருமானமாக நான் திரும்ப எடுத்துக்கொண்டது அப்படித்தான்.

சாரை எனக்கு அறிமுகம் செய்தவர் ஒரு கீபோர்டு கலைஞர். சார் ரெக்கார்டிங் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயது. வளசரவாக்கத்தில் வீடு. வேலை பார்த்த ஸ்டுடியோவை மூடியபோது, அங்கிருந்த மானிட்டர் ஜோடியை அவரே விலைக்கு வாங்கி ஹாலில் வைத்துவிட்டார். ஜேபிஎல் 4430. 1981-இல் வந்த மாடல். கீழே பதினைந்து இஞ்ச் ஊஃபர். மேலே டான் கீல் வடிவமைத்த ஹார்ன், நடுவில் பிளவுபட்டு இரண்டு பக்கமும் உருண்டு நிற்கும். பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே உடல் உறுப்புதான் ஞாபகம் வரும். அம்மா, அதாவது சாரின் மனைவி, அதன் மேல் எப்போதும் ஒரு துண்டைப் போட்டு வைத்திருப்பார்.

ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஊஃபர் பார்த்துக்கொள்ளும், அதற்கு மேலே எல்லாம் ஹார்ன். பாடுகிறவரின் 'ச', வீணையின் நரம்பில் நகம் படும் சத்தம், ஹை-ஹாட், எல்லாம் அந்த ஒன்றே முக்கால் இஞ்ச் குவிமாடத்தில்தான். பேரன், ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னைப் பிடுங்கிச் சொருகியதில் வலது பக்கம் மேல் சத்தம் போய்விட்டது. இடது பக்கம் பாடினாலும் ஓரத்தில் லேசாக ஒரு சிலிர்ப்பு.

முதல் நாளே சார் ஒன்று சொன்னார்: "தம்பி, இது பொய் சொல்லாது. முப்பது வருசம் இதைக் கேட்டுத்தான் ஓக்கேன்னு சொல்லிருக்கேன்."

அன்று மதியம் அவர் தூங்கப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். முன்பலகையில் மேல் அலைகளைக் கூட்டிக் குறைக்கக் குமிழ்கள் உண்டு. பழைய குமிழ்களுக்குள் கறை பிடித்துக் கரகரக்கும், அது வழக்கமான வியாதி. கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஒவ்வொன்றையும் இருபது தடவை இப்படியும் அப்படியும் திருகினேன். கரகரப்பு போனது. இரண்டு பக்கமும் குமிழ் ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நெயில் பாலிஷ். தின்னரில் துணியைத் தொட்டுத் துடைத்தேன். குமிழ்கள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்தேன். பலகை பளிச்சென்று ஆனது. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஹார்னின் பின்னாலிருந்து இரண்டு டிரைவர்களையும் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பழைய பேப்பரை விரிக்காமல் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துத்தான் டிரைவரைத் திறப்பேன். இரும்புத் துகள் ஒன்று இருந்தாலும் தெரிய வேண்டும். அந்தக் காந்தம் திருப்புளியையே கையிலிருந்து பிடுங்கும். பிடுங்கின திருப்புளி நேராகக் குவிமாடத்தில்தான் போய்க் குத்தும். காந்தம் ஒட்டாத திருப்புளி வேண்டும், இல்லையென்றால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வலது. மல்ட்டிமீட்டரை வைத்தேன். 8 ஓம் காயில் உயிரோடு இருந்தால் மீட்டர் 6-ஐ ஒட்டி ஏதாவது காட்டும். இதில் ஒன்றுமே காட்டவில்லை, கம்பி அறுந்திருக்கிறது. பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருந்த பஞ்சு உளுத்துப்போய்க் கறுப்புப் பொடியாக டயாபிரத்தின் மேல் கொட்டியிருந்தது. பொடியைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். அந்த டயாபிரம் ஜேபிஎல் டயாபிரமே இல்லை.

அந்தக் கால ஜேபிஎல் டயாபிரத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. குவிமாடத்தைச் சுற்றியுள்ள ஓரத்தில் உலோகத்திலேயே வைரக் கட்டம் போல அச்சு அடித்திருப்பார்கள். இந்த மாடலுக்கு ஆரம்பத்தில் அலுமினியத்தில் வந்தது, பிற்பாடு டைட்டானியத்தில். காயிலும் வேறு மாதிரி. தட்டையான அலுமினியப் பட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுற்றியிருப்பார்கள், இடைவெளி வீணாகாது, எடையும் குறையும். எனக்கு முன்னால் இருந்ததில் ஓரம் வழவழப்பான ஏதோ பிளாஸ்டிக் தாள், காயில் சாதாரண உருண்டைக் கம்பி. யாரோ எப்போதோ கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள்.

இடதைத் திறந்தேன். அதில் வைரக் கட்டம் இருந்தது, அசல். ஆனால் கட்டத்தின் ஒரு மடிப்பில் தலைமுடி அளவு விரிசல். ஊக்கை இப்படியும் அப்படியும் மடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடும் இல்லையா, அதே கதைதான். ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை, வருஷக்கணக்கில். சிலிர்ப்புக்குக் காரணம் அந்த விரிசல்.

ஆக, அந்த ஜோடி ஜோடியே இல்லை. குவிமாடமும் காயிலும் கனத்தால் மேல் அலைகளில் சத்தம் முன்னாலேயே சரிந்துவிடும். எத்தனை வருடமாகவோ வலது பக்கம் மங்கலாகத்தான் பாடியிருக்கும். "இது பொய் சொல்லாது" என்று அவர் சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். எழுபத்திரண்டு வயதில் ஒருவரிடம் போய், நீங்கள் ஓக்கே சொன்னதெல்லாம் ஒரு பக்கம் ஊனமான ஸ்பீக்கரில் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

இரண்டு நாள் கழித்து, பல் தேய்க்கும்போது, அந்தச் சிவப்புக் கோடுகள் ஞாபகம் வந்தன. இடது பக்கக் கோடு பூஜ்யத்துக்கு நேரே இருந்தது. வலது பக்கக் கோடு பூஜ்யத்தில் இல்லை, அதற்கு மேலே எங்கோ இருந்தது. யோசிக்க யோசிக்க வயிற்றைப் பிசைந்தது. அது அழுக்கு இல்லை. மங்கலான பக்கத்தை எவ்வளவு தூக்கினால் இரண்டும் சமமாகும் என்று யாரோ காதால் கேட்டுக் கண்டுபிடித்து, குமிழ் நகர்ந்தாலும் திரும்ப வைத்துக்கொள்ள அடையாளம் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு மேலே இருந்தது? கடிகாரத்தில் சொன்னால் ஒரு மணியா, இரண்டு மணியா? ஞாபகம் இல்லை. போட்டோவும் எடுக்கவில்லை.

புது டயாபிரம் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அசல் என்று சொல்லி விற்பதெல்லாம் அசல் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் மூலம் டைட்டானியம் ஜோடி ஒன்றை வரவழைத்தேன். என் ஒரு மாத வாடகையைவிட அதிகம். செத்தது ஒன்றுதான் என்றாலும் மாற்றுவது இரண்டையும்தான். ஒரு கண்ணுக்கு மட்டும் புதுக் கண்ணாடி போட முடியாது.

மாட்டுவதற்கு முன் காந்தச் சந்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மெல்லிய அட்டையில் ஒட்டும் டேப்பை வெளிப்பக்கம் வரும்படி சுற்றி, சந்துக்குள் விட்டு வட்டமாக ஓட்டினால் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். டேப் சுத்தமாக வரும் வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். பிறகு புது டயாபிரத்தை வழிகாட்டி முளைகளில் பொருத்தி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். காயில் சந்தின் நடுவில் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 20 மைக்ரோஃபேரட் கண்டென்சர் ஒன்றைத் தொடரில் போட்டு, தாழ்ந்த அலைகள் உள்ளே போகாமல் தடுத்துவிட்டு, மிகக் குறைந்த சத்தத்தில் ஆயிரம் ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே ஓட்டினேன். காயில் எங்காவது உரசினால் சுத்தமான ஓசையின் அடியில் மணலை அரைப்பது போல ஒன்று கேட்கும். இரண்டிலும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மாட்டினேன். பிளஸ், மைனஸ் மாற்றாமல் பார்த்துக்கொண்டேன். பழைய ஜேபிஎல்லில் இது ஒரு பொறி. கறுப்பு முனையில் பிளஸ் கொடுத்தால்தான் கோன் வெளியே வரும், ஊரில் மற்றதெல்லாம் நேர்மாறு. மைக் வைத்து அளந்தேன். இடமும் வலமும் கோடு மேல் கோடாக விழுந்தன. குமிழ்கள் பூஜ்யத்தில்.

சார் தன் பழைய நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரே கலந்த ஒரு பாட்டு. குரல் மட்டும் நடுவில், பின்னால் தம்புரா. கண்ணை மூடிக் கேட்டார். பாதிப் பாட்டில் கையை உயர்த்தினார்.

"குரல் வலது பக்கம் சாயுது தம்பி."

"இல்ல சார், அளந்து பார்த்தேன். ரெண்டும் சமம்தான்."

"அளவு கிடக்கட்டும். வயரை மாத்தி மாட்டு. இடதை வலதுக்கு."

மாற்றினேன். "இன்னும் வலதுதான்" என்றார். அப்படியென்றால் பாட்டில் கோளாறு இல்லை. ஸ்பீக்கரில் இருக்கலாம், அறையில் இருக்கலாம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "போடு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இப்போது இடது ஸ்பீக்கர் அவருடைய வலது காதுப் பக்கம். சத்தம் அந்த வலது ஸ்பீக்கரையே தொடர்ந்து போனால் கோளாறு ஸ்பீக்கரிலோ அறையிலோ. அவருடைய வலது காதிலேயே நின்றால், கோளாறு வேறெங்கோ.

பாட்டு முடியும் வரை கேட்டார். திரும்பாமலேயே சொன்னார், "வலதுதான். என் இடது காது போச்சு."

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வயதானால் மேல் அலைகள்தான் முதலில் போகும், எல்லோருக்கும் போகும், பெரும்பாலும் இரண்டு காதிலும். ஒன்றில் அதிகமாகப் போகிறவர்களும் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லை.

அவர் எழுந்து வந்து வலது ஸ்பீக்கரின் முன் குனிந்தார். பலகையை விரலால் தடவினார். "இங்க ஒரு கோடு இருக்கும். பாப்பாவோட நெயில் பாலிஷ்ல போட்டது. அது எங்க?"

"நான்தான் சார் தொடைச்சிட்டேன். அழுக்குன்னு நினைச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே இருந்த டயாபிரம், உருண்டைக் கம்பி, நான் சொல்ல வேண்டாம் என்று நினைத்தது. அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். நான்தானே போட்டேன். ஒரு ராத்திரி வலது பக்கம் புகைஞ்சு போச்சு. காலைல மிக்ஸ் கொடுக்கணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல கடையை எழுப்பிக் கிடைச்சதை வாங்கி மாட்டினோம். அப்புறம் நல்லது வாங்கலாம்னு சொல்லிட்டே இருந்தோம், வாங்கல. மங்கலாத்தான் இருந்துச்சு. குமிழைத் தூக்கிக் கோடு போட்டேன். அதுக்கப்புறம் பழகிருச்சு."

எனக்கு யமஹா என்எஸ்-10 ஞாபகம் வந்தது. 1978-இல் வந்த வெள்ளைக் கோன் ஸ்பீக்கர். உலகத்து ஸ்டுடியோக்களில் பாதி அதில்தான் வேலை பார்த்தது. கூச்சம் அதிகம் என்று ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டுக் கேட்டார்கள். ஸ்பீக்கர் உண்மை சொல்லும் என்று யாரும் நம்பவில்லை. அது எந்த இடத்தில் எவ்வளவு பொய் சொல்லும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். சார் முதல் நாள் சொன்னதன் பொருளும் அதுதான் போல.

"கோடு எவ்வளவு தூரத்துல இருந்துச்சு? பார்த்தியா?"

"ஞாபகம் இல்ல சார். பூஜ்யத்துக்கு மேல. அவ்வளவுதான் தெரியும்."

அவர் ஏன் கேட்கிறார் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. அந்த டயாபிரம் எவ்வளவு மங்கலோ அவ்வளவு தூக்கியிருந்தால், கோடு போட்ட அன்றைக்கு அவர் காது சரியாக இருந்தது என்று அர்த்தம். அதைவிடக் குறைவாகத் தூக்கியிருந்தால், இடது காது அப்போதே மங்க ஆரம்பித்துவிட்டது, அவருக்கு வலது பக்கம் சீக்கிரமே போதும் என்று தோன்றியிருக்கிறது. அப்படியென்றால் அதற்குப் பிறகு கலந்த ஒவ்வொரு பாட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்த டயாபிரம் கருகிப்போய்விட்டது, இனி அதை அளக்க முடியாது. அளக்க முடிந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கக் கோடு இல்லை. அவர் காது என்றைக்கிலிருந்து போனது என்பதற்கு இருந்த ஒரே தடயத்தை நான் தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறேன்.

"மன்னிச்சிருங்க சார்."

"விடு தம்பி. தெரிஞ்சா மட்டும் திரும்ப மிக்ஸ் பண்ணப் போறேனா?" என்றார். ஆனால் விரலைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

காப்பி வந்தது. குடித்து முடித்ததும் பழையபடி நாற்காலியை நேராகப் போட்டு உட்கார்ந்தார். இடது பக்கக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கச் சொன்னார். அதே பாட்டு. "இன்னும்... இன்னும் கொஞ்சம்... நிறுத்து. இப்ப நடுவுல வந்துட்டா." எனக்கு இப்போது குரல் அப்பட்டமாக இடது பக்கம் சாய்ந்து கேட்டது. அவர் முகம் தெளிந்திருந்தது.

அம்மாவிடம் நெயில் பாலிஷ் கேட்டார். பேத்தி விட்டுவிட்டுப் போன நீலம்தான் இருந்தது. அவரே குனிந்து, கை நடுங்க, இடது குமிழ் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். "இது ஸ்பீக்கருக்கு இல்ல, எனக்கு. அடுத்து வர்றவன் குழம்பாம எங்கயாவது எழுதி வை."

பெட்டியின் பின்னால், வயர் மாட்டும் தட்டுக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதினேன். தேதி. இரண்டு பக்கமும் புது டைட்டானியம் டயாபிரம். குமிழ் பூஜ்யத்தில் இருந்தால் இரண்டும் சமம். நீலக் கோடு உரிமையாளரின் காதுக்கு, துடைக்க வேண்டாம். அதற்குக் கீழே, 2003 வாக்கில் வலது பக்கம் வேறு டயாபிரம் இருந்தது என்றும், சிவப்புக் கோடு ஒன்று பூஜ்யத்துக்கு மேலே இருந்தது, எவ்வளவு மேலே என்று தெரியாது என்றும் எழுதினேன்.

இப்போதெல்லாம் திருப்புளியைத் தொடுவதற்கு முன் போனை எடுக்கிறேன். முன்னால், பின்னால், ஒவ்வொரு குமிழும், ஒவ்வொரு கீறலும். மாற்றின டயாபிரத்தின் மூடிக்குள்ளே தேதியும் என்ன போட்டேன் என்பதும் எழுதாமல் மூடுவதில்லை. விரிசல் விட்ட அந்த அசல் டயாபிரத்தை சாரிடம் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் கட்டங்களைப் பார்த்தார். துகள் படாமல் இருக்கட்டும் என்று ஊதினார். வாயால் ஊதக் கூடாது என்று சொல்ல வந்து, சொல்லவில்லை.